காரணம் கூறாத தீர்ப்பு

எங்கள் வீட்டு மச்சில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மர்ஹூம் காக்கா அவர்களின் உடைமைகளில் பங்கு வைக்கப்படாமல் எஞ்சியது அது ஒன்றே. சென்ற ஆண்டு ரமலானுக்கு முன்பு வீட்டை வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அப்பெட்டியைக் கீழே இறக்கினோம். உள்ளிருந்து, சிவப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று என் பேரனின் கையில் அகப்பட்டது. காக்கா தாம் ஆடிய சதுரங்க ஆட்டங்களை நகர்வு நகர்வாக எழுதிவைத்த நோட்டு அது.

பேரனுக்கு வயது 14. பள்ளிக்கூடப் போட்டிகளில் பரிசு பெறுகின்ற ஆட்டக்காரன். ஆயினும் அந்த நோட்டைப் படிக்க அவனால் இயலவில்லை. எங்கள் காலத்தில் “பி கே ஃபோர்” என்று எழுதுவோம். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் நான்காம் கட்டத்தை அடைந்தது என்பது அதன் பொருள். கட்டத்திற்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இட்டு எழுதும் முறையை மட்டுமே உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1981 முதல் ஏற்றுக்கொண்டதால், எங்கள் எழுத்து மெல்ல மெல்லக் கல்வெட்டாகிப் போயிற்று. எனவே நான் வாசிக்க, அவன் தன் கைப்பேசித் திரையில் காய்களை நகர்த்திக்கொண்டு வந்தான்.

ஒரு பக்கத்தில் என் குரல் தானாக நின்றது. அப்பக்கத்தில் ஒரு நகர்வுக்கு எதிரே காக்கா சிவப்பு மையால் இரண்டு ஆச்சரியக்குறிகள் இட்டிருந்தார்.

அந்த ஆட்டம் நடந்தது 1974-இல், எங்கள் வீட்டுத் திண்ணையில். எதிராளி எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த ஓர் அதிகாரி. மாவட்ட அளவில் பெயர் பெற்றவர். அஸருக்குப் பின் தொடங்கிய ஆட்டம் மஃரிபு பாங்குக்குச் சற்று முன்னர் முடிந்தது. பாங்கு ஒலித்தால் காய்கள் எந்த நிலையில் நின்றாலும் எழுந்துவிட வேண்டும் என்பது வாப்பா விதித்திருந்த சட்டம். அதனால் மாலைநேர ஆட்டங்களில் காக்காவுக்கு எப்போதும் ஓர் அவசரம் இருக்கும். அன்று அவர் தம் மந்திரியைக் கொண்டு எதிரியின் ராஜா பக்கத்துக் கடைசிச் சிப்பாயை வெட்டினார். ராஜா மந்திரியை வெட்டிற்று. குதிரை பாய்ந்து ‘செக்’ சொல்லிற்று. ராஜா தன் பழைய கட்டத்திற்கே ஓடிற்று. ராணி வந்து சேர்ந்தது. ஒன்பது நகர்வுகளில் அதிகாரி கைகொடுத்துவிட்டார். திண்ணையைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

நான் கைதட்டவில்லை. அன்றிரவு சோற்றுக்கு உட்கார்ந்தபோது, “அந்தப் பலி தப்பு காக்கா. அவர் பயந்துவிட்டார், அதனால் பிழைத்தீர்கள்” என்றேன். காக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து பலகையை விரித்தார். “எங்கே தப்பு, காட்டு” என்றார். நான் காய்களை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தேன். ஒன்றும் காட்ட இயலவில்லை. “காரணம் தெரியாமல் பேசக்கூடாது தம்பி” என்று கூறிவிட்டு அவர் பலகையை மூடினார். அதன்பின் சில நாட்கள் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது, 50 ஆண்டுகள் கழித்து, பேரன் அந்த நிலையைத் திரையில் அமைத்து, பிள்ளைகள் ‘எஞ்சின்’ என்று அழைக்கின்ற அந்த ஆய்வு நிரலை இயக்கினான். முதலில் வெள்ளைக்குச் சாதகமாக 0.6 என்று காட்டிற்று. கண்மூடித் திறப்பதற்குள் எண் குறைந்து சுழியாயிற்று. பின்னர் மாற்றிக்கொண்டு, கழித்தல் 1.7 என்று நிலைத்தது. ராஜா பழைய கட்டத்திற்கு ஓடாமல் துணிந்து முன்னே ஏறியிருந்தால் பலி வீண் என்று அதன் கீழ் ஒரு வரி ஓடிற்று. “அப்பா, இது பிளண்டர்” என்றான் பேரன். (எங்கள் வழக்கில் பாட்டனாரை அப்பா என்போம்.)

அப்படியானால் நான் சொன்னதுதான் சரி. உண்மையை மறைப்பானேன்? ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அடுத்த கணம், அந்த மகிழ்ச்சியை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. அன்று நான் சொன்னதற்குக் காரணம் என்னிடம் இல்லை. ராஜா முன்னே ஏறலாம் என்பதை நான் கனவிலும் காணவில்லை. சுற்றி நின்றவர்கள் காக்காவுக்காகக் கைதட்டினார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவே. காக்காவோ தாம் கண்டவரையில் கணக்கிட்டு, காரணம் கூறி, தவறு செய்தார். நான் கணக்கே இல்லாமல் சரியானதைச் சொன்னேன். எங்கள் இருவரில் அந்த நிலையை அறிந்திருந்தவர் யார்?

இந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குப் பொருள். சதுரங்கம் இங்கே ஓர் உரைகல்லாக அமைகின்றது. ஏனெனில் மனிதனைவிட மிகுதியாக அறிந்த தீர்ப்பாளர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் வந்து அமர்ந்துவிட்ட முதல் துறை அதுவே எனலாம்.

அத்தீர்ப்பாளர் எவ்வாறு தீர்ப்பளிக்கின்றார் என்பதைச் சற்றே பார்த்தல் வேண்டும். 1950-இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர், கணினியைச் சதுரங்கம் ஆடவைக்கும் வழியை ஒரு கட்டுரையில் வகுத்தளித்தார். நகர்வுகளை முன்னோக்கித் தேடுவது ஒன்று. தேடல் நின்ற இடத்தில் நிலையை ஓர் எண்ணால் மதிப்பிடுவது மற்றொன்று. சதுரங்கத்தில் நிகழக்கூடிய ஆட்டங்களின் தொகையை, 1-க்குப் பின் 120 சுழிகள் இடும் அளவிற்று என அவரே மதிப்பிட்டார். ஆகவே முடிவுவரை தேடுதல் எந்தப் பொறிக்கும் இயலாது. ஓரிடத்தில் நின்று மதிப்பிட்டே ஆக வேண்டும். 1997-இல் கேரி காஸ்பரோவை 3½–2½ என்று வென்ற ‘டீப் ப்ளூ’ நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. அதுவும் ஓரிடத்தில் நின்றே மதிப்பிட்டது.

அந்த மதிப்பீட்டில்தான் எனக்குச் சுவையான மாறுதல் ஒன்று தென்படுகின்றது. முற்காலத்து நிரல்களில், ராஜாவின் பாதுகாப்புக்கு இத்தனை, திறந்த வரிசையில் நிற்கும் யானைக்கு இத்தனை என்று மனிதர்களே எழுதிவைத்த விதிகள் இருந்தன. ஏன் இந்த எண் என்று கேட்டால், சிரமப்பட்டேனும் விடை தேடலாம். 2017-இல் ‘ஆல்ஃபாஜீரோ’ வந்தது. விதிகளை மட்டும் அறிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடிப் பழகிய நிரல் அது. அந்நாளில் தலைசிறந்து விளங்கிய ‘ஸ்டாக்ஃபிஷ்’ஷோடு 100 ஆட்டங்கள் ஆடி, 28-இல் வென்று, ஒன்றிலும் தோற்காமல் மீண்டது. பின்னர் 2020-இல் ஸ்டாக்ஃபிஷ்ஷும் நரம்பு வலையமைப்பு என்னும் அம்முறையைத் தன் மதிப்பீட்டில் சேர்த்துக்கொண்டது. இப்போது அந்த எண் இலட்சக்கணக்கான சிறு எடைகளின் கூட்டிலிருந்து பிறக்கின்றது. அதனைப் படைத்தவர்களாலும், இந்த நிலைக்கு ஏன் இந்த எண் என்று ஒரு வாக்கியத்தில் விளக்க இயலாது. தீர்ப்பு துல்லியமாகத் துல்லியமாக, காரணம் அகன்றுகொண்டே போயிற்று.

அந்த எண் எதைக் குறிக்கின்றது என்பதையும் நம் பிள்ளைகளில் பலர் கேட்டதில்லை. முன்னர், ஒரு சிப்பாயின் பெறுமானம் ஒன்று என்று கொண்டு சொல்லப்பட்டது. 2022-இன் இறுதியில் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் பதிப்பிலிருந்து அதன் பொருளை மாற்றி வரையறுத்தார்கள்: கூட்டல் 1 என்றால், அந்த நிலையிலிருந்து அந்த நிரல் தன்னோடு தானே ஆடினால் வெல்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 50. நன்கு கவனிக்க வேண்டிய சொற்கள், ‘தன்னோடு தானே’ என்பவை. எண் பேசுவது இரண்டு நிரல்களுக்கிடையே நிகழும் ஆட்டத்தைப் பற்றி. 1974-இல் பாங்கு நேரம் நெருங்கும் வேளையில் எங்கள் திண்ணையில் வேர்த்துக்கொண்டிருந்த இரண்டு மனிதர்களைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுழி என்று அது காட்டும் நிலைகளில் சில, ஒரே ஒரு நகர்வைத் தவிர மற்றெல்லாம் மரணமாக அமைந்த முட்பாதைகள். வேறு சில, சிறு பிள்ளையும் உறங்கிக்கொண்டே காக்கக்கூடிய வெட்டவெளிகள். எண் இரண்டிற்கும் ஒன்றே.

அதற்கும் குறைகள் உண்டு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார் உளர். குறைகள் உண்டுதான். தேடல் எட்டாத தூரத்திலிருக்கும் ஆபத்தை அது காணாது. ஹான்ஸ் பெர்லினர் என்பார் அதனை அடிவானத்திற்கு அப்பால் கண் தெரியாமைக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டார். என் பேரனின் திரையில் 0.6 என்பது கழித்தல் 1.7 ஆனதும் அவ்வாறே. 2017-இல் கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸின் பெயரால் ஒரு நிலை வெளியிடப்பட்டது. கறுப்பிடம் ராணியும் யானைகளும் மூன்று மந்திரிகளும் இருக்க, எந்திரங்கள் கறுப்பே வெல்லும் என்றன. ராணியும் யானைகளும் சிப்பாய்களுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடப்பதைக் கண்ட மனிதர்களோ, வெள்ளை தன் ராஜாவை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தாலே சமன் என்றார்கள். ஸ்பெயின் நாட்டு லினாரெஸில் 1998-இல் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் ஆடிய 47-ஆம் நகர்வும் புகழ்பெற்றது. இருவருக்கும் மந்திரி ஒவ்வொன்று, எதிர்நிறக் கட்டங்களில். சிப்பாய் கூடுதலாக இருந்தாலும் பெரும்பாலும் சமனாக முடியும் நிலை. ஷிரோவ் தம் மந்திரியை, ஒரு சிப்பாய் சும்மா வெட்டிக்கொள்ளும் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தார். தம் ராஜா நடுவே நுழைவதற்கு ஒரே ஓர் அடி நேரம் அதனால் கிடைத்தது, அது போதுமாயிற்று. அக்கால நிரல்கள் அந்நகர்வைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஆயினும் இவற்றின்மேல் வீடு கட்டுவது அறிவுடைமை ஆகாது. ஷிரோவின் நகர்வை இன்றைய நிரல்கள் கண்டுகொள்கின்றன. அவற்றின் குறைகள் ஆண்டுதோறும் சுருங்கி வருகின்றன. குறையே இல்லாத இடமும் ஒன்றுண்டு. பலகையில் ராஜாக்கள் உட்பட ஏழு காய்கள் மட்டுமே எஞ்சிய எல்லா நிலைகளையும், மாஸ்கோவின் லோமோனோசோவ் பல்கலைக்கழக மீக்கணினியைக் கொண்டு 2012-இல் முற்றாகத் தீர்த்துவிட்டார்கள். அங்கே மதிப்பீடு இல்லை, ஊகம் இல்லை. முடிந்த முடிபு மட்டும். அவற்றுள் ஒரு நிலையில் இருபுறமும் பிழையின்றி ஆடினால் 549 நகர்வுகளில் மாத் என்றிருக்கின்றது. வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்கட்டும்: ஐந்நூற்று நாற்பத்தொன்பது. அந்நகர்வுகளை வரிசையாகப் பார்க்கின்ற கிராண்ட்மாஸ்டருக்கும், நானூறாவது நகர்வு முந்நூறாவதைவிட எவ்வாறு இலக்கை நெருங்கியது என்று சொல்லத் தெரியாது. ராஜா இங்கே போகின்றது, குதிரை அங்கே திரும்புகின்றது, எதற்கென்று தெரியாது. அது உண்மை என்பதில் ஐயமில்லை. நம்மில் எவருக்கும் அது அறிவாக மாறவில்லை என்பதிலும் ஐயமில்லை.

ஆகவே எல்லை பொறியிடத்தில் மட்டும் இல்லை. பொறி தருவதை வாங்கிக்கொள்ளும் நம்மிடத்திலும் ஓர் எல்லை இருக்கின்றது; அது ஆண்டுதோறும் சுருங்கும் எல்லை அன்று.

இதனை எண்ணும்போதெல்லாம் எனக்கு அபூபக்ர் முஹம்மத் இப்னு யஹ்யா அஸ்ஸூலியின் நினைவு வரும். பக்தாதில் அப்பாஸிய கலீஃபாக்களின் அவையில் வாழ்ந்து, சுமார் 946-இல் பஸ்ராவில் மறைந்தவர். வரலாற்றாசிரியர், நூல்களைத் திரட்டி வைத்தவர், சத்ரஞ்ச் ஆட்டத்தில் தம் காலத்தில் நிகரற்றவர். நம் சதுரங்கம் பாரசீகம் சென்று, அரபு நாவில் சத்ரஞ்ச் ஆகி, பின் மேற்கே போன கதையைப் பலர் அறிவர். அரபுக்கள் ஆட்டத்தோடு நிற்கவில்லை. ‘மன்ஸூபா’ என்று பெயரிட்டு, தீர்க்க வேண்டிய நிலைகளைத் தொகுத்து நூல்கள் எழுதினார்கள். அஸ்ஸூலி விட்டுச்சென்ற மன்ஸூபாக்களில் ஒன்றனைப் பிற்காலத்தவர் ‘அஸ்ஸூலியின் வைரம்’ என்று அழைத்தார்கள்.

பலகையில் மிகச் சில காய்களே உள்ள நிலை அது. அதில் ஃபிர்ஸ் என்னும் காய் வரும். இன்று ராணி நிற்குமிடத்தில் அன்று நின்ற அது மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரும், எளிய காய். எதிரியின் ராஜாவைத் தனியனாக்கிவிட்டாலும் வெற்றி என்பது அக்கால விதி. இது பழைய நிலை என்றும், இது வெற்றியா சமனா என்று தமக்கு முன்னிருந்த பெரும் ஆட்டக்காரர் அல்அத்லீயோ மற்றவரோ கூறவில்லை என்றும், தம்மிடம் கற்றுக்கொண்டவரைத் தவிர இதனைத் தீர்த்தவர் பூமியில் இல்லை என்றும் அஸ்ஸூலி எழுதிவைத்தார். வெள்ளை வெல்லும் என்பது அவர் தீர்ப்பு. வழியை எழுதிவைக்கவில்லை, எழுதியிருந்தாலும் அது நமக்குக் கிட்டவில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பு மட்டும் உலகில் உலவிற்று. 1980-களின் நடுவில் டேவிட் ஹூப்பர், கென் வைல்ட் என்னும் இரண்டு ஆங்கில ஆய்வாளர்கள் முயன்று, முடியாமல் விட்டார்கள். இறுதியாட்டங்களை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதே காலப்பகுதியில் அதனைத் தீர்த்தார். அஸ்ஸூலி சொன்னது சரியாகவே இருந்தது.

அந்த ஆயிரம் ஆண்டுகளில் “வெள்ளை வெல்லும்” என்று படித்து, படித்ததைப் பிறருக்கும் சொன்ன எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் சொன்னது பொய்யன்று. ஆயினும் அவர்களுள் ஒருவரைப் பலகையின் முன் அமர்த்தி, “ஆடு” என்று கூறியிருந்தால் முதல் நகர்விலேயே நின்றுபோயிருப்பார். அவெர்பாக் ஒருவர் ஆடியிருப்பார். இருவர் வாயிலும் ஒரே சொல், உள்ளிருப்பது வேறு. என் கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே எனக்குக் கிட்டிற்று. காரணம் கையிலிருப்பவன், நிலை சற்று மாறினாலும் வழி காண்பான். தீர்ப்பு மட்டும் கையிலிருப்பவனுக்கு, ஒரு சிப்பாய் ஒரு கட்டம் தள்ளி நின்றாலும் மறுபடியும் யாரையாவது கேட்டாக வேண்டும்.

நம் மண்ணிலேயே இதனை உணர்ந்தவர்கள் உண்டு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன சென்னையின் குகேஷ், இளம் வயதில் கணினி நிரலின் துணையின்றியே பயிற்றுவிக்கப்பட்டார். ஓர் உயர்ந்த தரத்தை எட்டும்வரை அதனைத் தொட வேண்டாம் என்று அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தடுத்து வைத்திருந்தார் என்பது பலராலும் எழுதப்பட்ட செய்தி. எல்லாருக்கும் இதனை விதியாக்கலாகாது. நிரலோடு வளர்ந்து உயர்ந்த பிள்ளைகளும் இருக்கின்றார்கள். ஆனால் காரணத்தைத் தானே தேடித் தடுமாறும் பழக்கம் முதலில் ஊன்றட்டும் என்று ஓர் ஆசிரியர் நினைத்தாரே, அது என் உள்ளத்தைத் தொட்டது.

அந்தச் சிங்கப்பூர்ப் போட்டியின் 14-ஆம் ஆட்டத்தை நாங்கள் வீட்டில் கூடியிருந்து பார்த்தோம். 55-ஆம் நகர்வில் டிங் லிரென் தம் யானையை ஒரு கட்டத்தில் கொண்டு வைத்ததும், திரையோரத்து வெள்ளைப் பட்டை சரிந்து கறுப்பு மேலேறிற்று. வீட்டிலிருந்த அத்தனை பேரும், காய்களின் பெயரே தெரியாத என் மருமகள் உட்பட, “ஐயோ, தப்பு பண்ணிட்டார்” என்று கூவினார்கள். எதிரே அமர்ந்திருந்த குகேஷுக்கோ அது முதல் கணத்தில் தெரியவில்லை என்று அவரே பின்னர் கூறினார். பின்னர்தான் கண்டார்: யானைகள் வெட்டுண்டால், மூலையில் ஒதுங்கி நிற்கும் வெள்ளை மந்திரிக்கும் தப்ப வழியில்லை, மந்திரிகளும் மாறினால் மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி. எங்கள் வீட்டாருக்கு அவருக்கு முன்பே தெரிந்துவிட்டது என்று சொல்லலாமா? ஒருவரையும் குறை கூற இதனை எழுதவில்லை. கூவியவர்களில் நானும் ஒருவன். மூன்று வாரங்கள் உறங்காமல் ஆடிக் களைத்த ஒரு மனிதரின் பிழையை நாற்காலியில் சாய்ந்துகொண்டு ‘பிளண்டர்’ என்று சொல்லும் உரிமையை எனக்கு எது தந்தது என்று, பட்டை மறைந்த பிறகு எண்ணினேன். இரவல் கண்ணால் பார்த்ததைக் கொண்டு பிறரை எடை போடுவதில் ஒரு நேர்மைக்குறைவு இருக்கின்றது. 1974-இல் எனக்கு நிரலும் இல்லை, பட்டையும் இல்லை. இருந்தும் அதையே செய்தேன்.

மீண்டும் நோட்டுக்கு வருகின்றேன். “பிளண்டர்” என்று பேரன் சொன்னதும், “எங்கே தப்பு, காட்டு” என்றேன். என் வாயிலிருந்து காக்காவின் சொற்கள் அப்படியே வந்தன. அவன் திரையைத் தொடப் போனான். “அதை வைத்துவிடு. பலகையில் காட்டு” என்றேன்.

மரப்பலகையை எடுத்து வந்தோம். ராஜாவை முன்னே ஏற்றினான். “சரி, நான் ராணியைக் கொண்டு செக் சொல்கின்றேன்” என்றேன். விழித்தான். திரையில் அந்த வரி ஓடியபோது அவன் மறுமொழி நகர்வைப் பார்த்திருக்கின்றான், ஏனென்று பார்க்கவில்லை. அன்று மாலை முழுவதும் முடியவில்லை. மறுநாள் மாலை, ராணி எந்தச் சந்தில் நுழைந்தாலும் அதுவரை அசையாதிருந்த மந்திரியின் சிப்பாய் ஒன்றே அத்தனைக்கும் காவல் என்பதை அவன் கண்டுபிடித்தான். என் குதிரைக்கு ஆதரவாக ஓரத்துச் சிப்பாய் முன்னமே இரண்டு கட்டம் ஏறியிருந்தால் காக்காவின் பலி பலித்திருக்கும் என்பதை நான் கண்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவன் கைப்பேசியை எடுத்து, சிப்பாயை முன்னே வைத்துச் சரிபார்த்தான். எண் வெள்ளைப் பக்கம் ஏறி நின்றது.

“அப்பா, காக்கா அப்பாவுக்கு அந்தச் சிப்பாயை முதலில் தள்ளத் தோன்றியிருக்காதா?” என்று கேட்டான்.

தோன்றியிருக்கலாம். பாங்குக்கு நேரமாகிவிட்டது என்று விட்டிருக்கலாம். அவரிடம் அன்றே நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் வேறொன்றைச் சொன்னேனே.

நோட்டிலிருக்கும் சிவப்பு ஆச்சரியக்குறிகளை அழித்துவிடலாமா என்று பேரன் கேட்டான். வேண்டாம் என்றேன். அவற்றின் அருகே பென்சிலால், ராஜா முன்னே ஏறினால் என்ன நேரும் என்பதை எங்கள் பழைய குறிமுறையில், சிப்பாயின் காரணத்தோடு நான் எழுதினேன். அதன் கீழே அவன் தன் முறையில் எழுதினான். அந்த எண்ணையும் எழுதட்டுமா என்றான். அதற்குப் பக்கத்தில் இடம் இருக்கவில்லை.